நட்டு கழலாத கேஸ்

ஒருவரை "நட்டு கழண்ட கேஸ்" என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. "மறை கழண்டவன்" என்றாலும் அதே ஆள்தான். தலைக்குள் இருக்கும் நட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை மனிதன் தெளிவாக இருப்பான் என்பது நம் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. வண்டியில் இருக்கும் நட்டு கழல மறுத்தால் அதே மனிதன் என்ன ஆவான் என்பதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. கல்வராயன் மலையில், கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில், சித்திரை மாதத்து வெயிலில், காலை பதினோரு மணிக்கு நம்மவருக்கு அந்தக் குறை உறைத்தது.

நம்மவர் என்று இங்கே சொல்லப்படுகிறவர் கள்ளக்குறிச்சிக்காரர். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. இந்தக் கட்டுரையை எழுதியவருக்கும் அவருக்கும் கதவு எண் ஒன்றே என்பதால், அவரைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. அவரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் இருக்கிறது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல் நம் ஊர்ப்பக்கம் எந்தக் கம்பெனி மொபெட்டுக்கும் "பிப்டி" என்றே பெயர். நம்மவருடையது எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லப்போவதில்லை. நடந்த குற்றத்தில் வண்டிக்குப் பங்கு கிடையாது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ஆம் தேதி. வண்டிக்கு மாவட்டத்தைவிட வயது அதிகம். விழுப்புரம் மாவட்டமாக இருந்த காலத்திலேயே அது நெல் மூட்டை சுமந்திருக்கிறது, கரும்புச் சோகை சுமந்திருக்கிறது, ஒருமுறை முழு ஆட்டையே முன்பக்கம் நிற்க வைத்துக்கொண்டு சின்னசேலம் சந்தைக்குப் போய்வந்திருக்கிறது. மலை ஏறுவது மட்டும் அதற்குப் பிடிக்காது. ஆனால் வெள்ளிமலையில் நண்பர் வீட்டில் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா? சீருக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் மஞ்சப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கச்சிராயபாளையம் வரை சிக்கல் இல்லை. கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் செயின் பேச ஆரம்பித்தது. முதலில் "டிக்... டிக்" என்றது. இரண்டு வளைவு கழித்து "கட கட" என்றது. மூன்றாவது வளைவில் ஒன்றுமே சொல்லவில்லை. கழன்று விழுந்துவிட்டது. இன்ஜின் மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்க, வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

செயின் தளர்ந்தால் செய்ய வேண்டியது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பின்சக்கர அச்சு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நம்மவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். வீட்டில் இருந்த செட்டில் ஆறு-ஏழு தொடங்கி எல்லாமே ஒருகாலத்தில் இருந்தன. இரவல் போனவை போக மிஞ்சியது ஒன்றுதான். அதில் பொறித்திருந்த எண் தேய்ந்து போயிருந்தது. 16 என்றும் படிக்கலாம், 18 என்றும் படிக்கலாம். 16-17 என்று நம்பினார். நட்டு 17. ஆகவே பிரச்சினையே இல்லை.

அது 18-19.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஆறு பக்க நட்டில் 17 என்பது எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள மில்லிமீட்டர் தூரம். மூலைக்கு மூலை அளந்தால் 19.6 வரும். அதாவது ஒவ்வொரு மூலையும் பக்கத்தைவிட வெறும் 1.3 மில்லிமீட்டர்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த ஒன்றே கால் மில்லிமீட்டர்தான் நட்டின் ஜீவனம். அது இருக்கும்வரை அது நட்டு. அது போனால் ஓட்டை போட்ட இரும்பு உருண்டை. சரியான ஸ்பேனர் பக்கங்களைத் தழுவிப் பிடிக்கும். ஒரு சைஸ் பெரிய ஸ்பேனரோ ஆறரை டிகிரி சும்மா ஆடிவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டும் கடிக்கும். கடித்த கடியில் நட்டு திரும்ப வேண்டும், அல்லது மூலை சிதைய வேண்டும். எது மெலிந்ததோ அது தோற்கும்.

நம்மவர் மூச்சைப் பிடித்து அழுத்தினார். ஸ்பேனர் "சரக்" என்று சுழன்றது. கழண்டுவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ச்சி. குனிந்து பார்த்தால் நட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன் இரண்டு மூலையில் புதிதாக வெள்ளி மின்னுகிறது. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். அறிவுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நம்மவர் ஸ்பேனரை அடுத்த இரண்டு மூலைக்கு மாற்றினார். ஆறு மூலைக்கு மூன்று முறைதானே? சமநீதியோடு மூன்று முறையும் முடித்தார்.

ஆளில்லாத மலை என்று நினைத்து வண்டியை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் ஊரே கூடிவிடும் என்பது கல்வராயனுக்கும் பொருந்தும். முதலில் வந்தது ஷேர் ஜீப். உள்ளே பதினைந்து பேர், பின்னால் தொங்கியபடி நான்கு பேர். டிரைவர் இறங்கினார்.

"என்னாண்ணா, நட்டு வழுக்கிடிச்சா?"

"லேசா."

டிரைவர் குனிந்து பார்த்தார். "லேசாவா? மொழுமொழுன்னு ஆயிடிச்சிண்ணா." சொல்லிவிட்டு ஜீப்பிலிருந்து ஸ்க்ரூ ஸ்பேனரைக் கொண்டுவந்தார். ஸ்வீடன்காரர் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை வாங்கிய அந்த அற்புதக் கருவி, ஒரே ஸ்பேனரால் எல்லா நட்டையும் கழற்றலாம் என்ற ஆசையில் பிறந்தது. ஒரே ஸ்பேனரால் எல்லா நட்டையும் கெடுக்கலாம் என்பதை உலகம் பிற்பாடு கண்டுகொண்டது. அதற்கு அசையாத தாடை ஒன்று, நகரும் தாடை ஒன்று. பாரம் அசையாத தாடையில் விழும்படி மாட்டித் திருப்பினால் ஓரளவு பிடிக்கும். தலைகீழாக மாட்டினால் நகரும் தாடை விட்டுக்கொடுத்து, மிச்சமிருக்கும் மூலையையும் வழித்துக்கொண்டு வரும். டிரைவர் எப்படி மாட்டினார் என்று சொல்லத் தேவையில்லை.

நன்றிக்கடனாக நம்மவர் அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்ற பதினெட்டு பேருக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி? சீரில் ஒரு சீப்பும் அடுத்ததில் பாதியும் அங்கேயே முடிந்தன.

பழத்தைத் தின்று கொண்டிருந்த இளைஞன் ஒருவனுக்கு வேகம் வந்துவிட்டது. ஜீப்பின் டூல் பையில் கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்தான். நட்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து அடித்துத் திருப்புவது பழைய பட்டறை வழி, தப்பே கிடையாது. அவன் வண்டிக்கு மறுபக்கம் நின்று, சீட்டின் மேல் கவிழ்ந்து, நட்டைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு அடித்தான் என்பதுதான் சிக்கல். அப்படிப் பார்க்கும்போது திசை குழம்பிவிடும். ஐந்தாறு அடிக்குப் பிறகு, "நகருது! நகருது!" என்று கத்தினான். உண்மைதான், நகர்ந்தது. முறுக்கும் பக்கமாக.

இதன்மேல் ஒரு பட்டிமன்றம் நடந்தது. "இது எதிர்மறைண்ணா, ரிவர்ஸ்ல சுத்தணும்" என்றார் கூடையோடு இறங்கி நின்ற ஒருவர். எதிர்மறை என்ற ஒன்று உண்டு. சைக்கிளின் இடது பெடலில் மறை இடப்பக்கமாகத்தான் வெட்டியிருக்கும், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. அச்சு நட்டுக்கு அது கிடையாது. ஆனால் கூடைக்காரர் விடவில்லை. தன் மாமனார் வீட்டு சைக்கிளைச் சாட்சிக்கு இழுத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எதிர்மறைக் கட்சியில் ஆள் அதிகம் சேர்ந்ததைப் பார்த்த நம்மவருக்குத் தன் மொபெட்டின் மீதே சந்தேகம் வந்தது.

சண்டை முற்றும் நேரத்தில் டிரைவர் ஜீப்பின் பின்சீட்டைத் தூக்கி எதையோ தேடினார். "அட, இது இங்கயா கெடக்குது" என்று ஒரு ஸ்பேனரை வெளியே எடுத்தார். கறுத்துப்போன, உறுதியான, எண் தெளிவாகத் தெரிகிற 16-17.

பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்த மாப்பிள்ளையை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாட்டிப் பார்த்தார்கள். நட்டைச் சுற்றி அது கோயில் பிரதட்சணம் போல வழுவழுவென்று வலம் வந்தது.

ஜீப் பயணிகள் பொறுமை இழக்கவே, டிரைவர் "ஸ்பேனர வச்சிக்குங்கண்ணா, திரும்பி வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்று டூல் பையைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். இப்படி முன்பின் தெரியாதவனிடம் முழுப் பையையும் விட்டுப்போகிற டிரைவர்கள் கீழே சமவெளியில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தனியாக நின்ற நம்மவருக்கு மைத்துனர் நினைவு வந்தது. மைத்துனர் டொரன்டோவில் இருக்கிறார். அங்கே பனிமேல் ஓடும் ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருந்தார். ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ என்ற பெயரில் சின்ன வண்டியாகக் கொண்டுவந்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போனது. கனடாவில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்தச் சாலையில் டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போன வண்டிக்கு உப்புக் கருவாட்டின் கதிதான். மார்ச் மாதம் அதில் ஒரு நட்டு மழுங்கிப்போய், மைத்துனர் மூன்று நாள் போராடிக் கழற்றி, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். அப்போது நம்மவர் சிரித்தபடி ஒரு பொம்மையை அனுப்பியிருந்தார்.

சாலையில் சிக்னல் இல்லை. பக்கத்துப் பாறையின் உச்சியில், ஒற்றைக்காலில் நின்றால் இரண்டு கோடு வந்தது. மணி பதினொன்றே முக்கால். டொரன்டோவில் அப்போது இரவு இரண்டேகால் என்பது மைத்துனரின் குரலைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"யாருக்கு என்னாச்சு?" என்றார் மைத்துனர், பதறிப்போய்.

"நட்டு மாப்ள. வழுக்கிடிச்சி."

நெடுநேரம் பேச்சில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நம்மவர் காலை மாற்றினார். "சூடு காட்டுங்க" என்ற இரண்டு சொல்லோடு அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

சூடு காட்டுவது நல்ல வழிதான். பத்து மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு நட்டை முந்நூறு டிகிரி சூடேற்றினால் துளை 0.036 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் பாதி கனம். மறைக்குள் உட்கார்ந்திருக்கிற துருவை நொறுக்க அதுவே போதும். ஆனால் நம்மவரின் நட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் டயர், இரண்டு சாண் தூரத்தில் பெட்ரோல், நான்கு அடி தூரத்தில் சித்திரை வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துக் கிடக்கிற மலைப்புல். காதுகுத்துக்குப் போனவன் காட்டைக் கொளுத்திவிட்டு வந்தான் என்ற பெயர் எதற்கு? தீப்பெட்டி பைக்குள்ளேயே இருந்தது.

துரு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்றால், இரும்பு துருவாகும்போது பருக்கிறது. இருந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. நட்டுக்கும் அச்சுக்கும் நடுவே மறையில் இருப்பதோ நூலிழை இடைவெளி. அதற்குள் பருத்தால் வேறு எங்கே போகும்? ஆப்பு வைத்தது போல நெருக்கி உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு அலமாரியில் நம்மவர் ஒரு ஸ்ப்ரே டப்பா வைத்திருக்கிறார், டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட்டின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீரை விரட்டும் மருந்தாகச் செய்யப்பட்டது. முப்பத்தொன்பது முறை தோற்று நாற்பதாவது முறை பலித்ததால் பெயரில் 40. நம்மவர் வீட்டில் அது கதவுக் கீலுக்குப் பயன்படுகிறது. மலைக்கு வரும்போது கொண்டுவர வேண்டிய பொருள் என்று அதை யாரும் நினைக்கவில்லை. தேங்காயை நினைத்தார்கள்.

பாறையிலிருந்து இறங்கும்போது வண்டியருகே ஒரு பாட்டி நின்றிருந்தார். தலையில் கடுக்காய் மூட்டை, கூடவே பேரனும் ஓர் ஆடும். கல்வராயன் கடுக்காய்க்குப் பேர்போன மலை. பாட்டி மூட்டையை இறக்கி வைத்து, நட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடுக்கா அரைச்சி பூசேன் சாமி. எல்லாத்துக்கும் கேக்கும்."

சிரிப்பதற்கு இல்லை. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை செய்தது அப்படித்தான். துருவின் மேல் பூசி அதைக் கறுப்பாக மாற்றிக் கட்டிப்போடுகிற மருந்திலும் இதே இனத்துச் சத்து இருக்கிறது. நட்டைக் கட்டிப்போட ஆசைப்பட்டால் பாட்டியின் யோசனை முதல் தரம். கழற்றத்தான் உதவாது. நம்மவர் இதை எல்லாம் பாட்டிக்கு விளக்க முயன்றார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீ படிச்சவன்தான்" என்று சொல்லி உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். அதுவும் சீர் வெற்றிலை.

பாட்டிக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் தார்ச்சாலை ஏது, வண்டி ஏது, கீழ்நாட்டுக்கு உப்பு வாங்கப் போவதென்றால் நடைதான் என்றார். கல்வராயன் மூன்று ஜாகீர்களின் கையில் இருந்த மலை. 1976-இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. கூலி இல்லாமல் ஜாகீர் வீட்டு வயலில் வேலை செய்த ஆட்களைப் பாட்டி பார்த்திருக்கிறார். நட்டு கழலாத துக்கத்தை அவரிடம் சொல்லி அழ நம்மவருக்கு அதன்பின் வாய் வரவில்லை.

அப்போதுதான் மேலிருந்து நடந்து வந்தார் பிட்டர். பெயர் வேண்டாம், பிட்டர் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பக்கத்தில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கச்சிராயபாளையத்தில் இருக்கிற கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை ஆலை பிட்டர்களுக்கும் இறுகிய நட்டுக்கும் உள்ள உறவு ஜென்மாந்திர உறவு. அரவைப் பருவம் முழுக்க ஆலை ராப்பகலாக ஓடும். பருவம் முடிந்ததும் தலைமுதல் கால்வரை பிரித்து, துடைத்து, மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். சாறும் நீராவியும் துருவும் சேர்ந்து பாகாய் இறுகிய நட்டுகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு மொபெட் நட்டைப் பார்க்கிறார்.

பார்த்தார், உட்கார்ந்தார், மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தொடவில்லை.

"எத்தினி பேரு கை வச்சாங்க?"

"மூணு பேரு."

"உங்களையும் சேத்தா?"

"சேத்து."

"உளி யாரு வச்சது?"

நம்மவர் சாலையின் மேற்குத் திசையைக் காட்டினார். பிட்டர் அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "ஆயில் இருக்கா?" என்றார். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பாட்டில் இல்லாமல் போகுமா? கொஞ்சம் ஆயிலும் கொஞ்சம் பெட்ரோலும் பாட்டில் மூடியில் கலந்து, கோழியிறகு இல்லாததால் ஒரு புல்லின் நுனியைத் தோய்த்து, நட்டும் அச்சும் சேருமிடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். பெட்ரோல் ஆயிலை நீர்த்துப்போகச் செய்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும், பிறகு தான் மட்டும் ஆவியாகிவிடும். அப்புறம் டூல் பையிலிருந்த கனமான கொறட்டை நட்டின் அடிப்பக்கம் முட்டுக் கொடுத்து, மேல்பக்கம் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. தவில்காரர் வார் பிடிக்கும்போது ஒரு தட்டுத் தட்டுவாரே, அந்த மாதிரி. கொஞ்சம் திருப்பி மறுபடி முட்டு, மறுபடி தட்டு. ஆறு பக்கமும் தட்டி முடித்ததும் எழுந்துவிட்டார்.

"இப்ப?" என்றார் நம்மவர்.

"இப்ப ஒண்ணுமில்ல. உக்காருங்க."

அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். இந்த முழுக் கதையில் நம்மவருக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான். ஸ்பேனர் கையில் இருக்கிறது, நட்டு கண்ணெதிரே இருக்கிறது, தொடக் கூடாது. பிட்டர் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். ஆலையில் ஒருமுறை ரோலர் பக்கத்து நட்டு ஒன்றைக் கழற்ற ஆறடி குழாயை ஸ்பேனரில் சொருகி நான்கு பேர் தொங்கிய கதையைச் சொன்னார். குழாய் நீளமானால் பலம் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூடிய பலம் நட்டைத் திருப்புமா, போல்ட்டை முறிக்குமா என்பது யாருக்கும் தெரியாது என்றார். அன்று எது நடந்தது என்று நம்மவர் கேட்டார். பிட்டர் பழத்தோலை மடித்துப் பாட்டியின் ஆட்டுக்குப் போட்டார்.

"பாட்டி, அரம் இருக்கா வூட்ல?"

பாட்டியின் வீடு வளைவுக்கு மேலே கூப்பிடு தூரம். பேரன் ஓடிப்போய் அரிவாள் தீட்டுகிற தட்டை அரம் ஒன்றைக் கொண்டுவந்தான். பிட்டர் மண்டி போட்டார். அவர் செய்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் நம்மவரும் பேரனும் மட்டுமே.

நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிலே அரத்தைப் படுக்க வைத்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னால் இழுக்கும்போது தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு தள்ளுக்கும் சாம்பல் நிறத் தூள் மிளகுத்தூள் போல விழுந்தது. பத்துப் பன்னிரண்டு தள்ளுக்குப் பிறகு உருண்டையின் ஒரு கன்னத்தில் நகக்கண் அகலத்துக்கு ஒரு பளபளப்பு தோன்றியது. அது மெல்ல அகன்று, விளிம்பு கூர்மையாகி, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான பக்கமாக ஆனது. நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே போல. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் எடுத்தால் 17 போய் 16 ஆகிவிடும். மழுங்கிய நட்டுக்குப் புதிதாக இரண்டு கன்னம் முளைத்துவிடும். நடுநடுவே ஸ்பேனரின் 16 பக்கத்தை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னும் இரண்டு தள்ளு. நுழையவில்லை. இன்னும் ஒன்று. ஸ்பேனரின் வாய் நட்டின் நுனியைக் கவ்வியதும் அரத்தைக் கீழே வைத்து, சுத்தியலால் ஸ்பேனரைத் தட்டி உள்ளே இறக்கினார். ஆட்டினால் ஆடவில்லை.

"கழட்டவா?" என்று நம்மவர் கையை நீட்டினார்.

"மொதல்ல முறுக்கணும்."

நம்மவருக்குப் புரியவில்லை. உளிக்காரன் ஏற்கெனவே முறுக்கிய நட்டை மறுபடி முறுக்குவதா? ஆனால் பிட்டர் முறுக்கும் பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினார். மயிரிழை நகர்ந்ததோ இல்லையோ, உள்ளே எங்கோ கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி "டிக்" என்று ஒரு சத்தம். துருவின் பிடி விட்டது. அப்புறம் எதிர்த்திசையில் கையை மாற்றி, ஸ்பேனரைத் தன் பக்கமாக இழுத்தார். நட்டு முனகியபடி கால் சுற்று வந்தது. ஸ்பேனரைத் திருப்பிப் போட்டார், இன்னொரு கால் சுற்று. மூன்றாவது முறை விரலாலேயே சுழன்றது. மறைக்குள்ளிருந்து செங்கல்தூள் நிறத்தில் துரு உதிர்ந்து, பிட்டரின் வேட்டியில் ஒட்டியது.

பேரன் கைதட்டினான். பாட்டி "வந்துடிச்சா?" என்று கேட்டுவிட்டுக் கடுக்காய் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டார். நம்மவருக்குக் கண் கலங்கியதை வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிட்டர் மட்டும் இன்னும் குனிந்தே இருந்தார். சக்கரத்தைப் பின்னால் இழுக்கிற அட்ஜஸ்டரைத் துணியால் துடைத்தார். அதில் கோடு கோடாக அளவுக் குறிகள் இருக்கும். அச்சு எந்தக் குறியில் நிற்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது கடைசிக் கோட்ல நிக்குது. இழுக்க எடமில்ல. செயினு ஆயுசு முடிஞ்சிபோச்சி. புதுசுதான் போடணும்."

அதாவது, எந்த வேலைக்காக நட்டைக் கழற்றினார்களோ அந்த வேலை இல்லை.

"புதுச் செயினு இங்க எங்க கெடைக்கும்?"

"எங்க கெடைக்கும்? கச்சிராயபாளையந்தான். முழுக்க எறக்கம். செயின எடுத்து பையில போட்டுட்டு உருட்டிக்கினே போயிடலாம்." கொஞ்சம் நிறுத்தி, அவருக்கே உரிய நிதானத்தோடு சேர்த்தார்: "நட்ட தொடாமயே போயிருக்கலாம்."

பிறகு அவர் நட்டை அதே 16-ஆல் இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மிச்சமிருந்த தேங்காயைக் கொடுத்தார் நம்மவர். டூல் பையை ஜீப் வரும்போது கொடுத்துவிடச் சொல்லிப் பாட்டியின் பேரனிடம் ஒப்படைத்தார். நண்பர் வீட்டுக்குப் பாறைமேல் ஏறிப் போன் செய்தபோது, குழந்தைக்குக் காது குத்தியாகிவிட்டது, அது இன்னும் அழுதுகொண்டிருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, எப்போது வருவீர்கள் என்றார்கள்.

இன்ஜின் சத்தம் இல்லாமல் ஒரு மொபெட் மலை இறங்குவது விசித்திரமான அனுபவம். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டு, பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரில் செயின் சுருண்டு கிடக்கிற மஞ்சப்பை ஆட, நம்மவர் கீழே வந்தார். தூரத்தில் கோமுகி அணை வெயிலில் தகடாய் மின்னியது. எதிரே ஏறி வந்த மரவள்ளிக்கிழங்கு லாரிக்காரர் ஒருவர், சத்தமே இல்லாமல் இறங்கி வரும் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "பேட்டரி வண்டியாண்ணா?" என்று கேட்டார். நம்மவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

கச்சிராயபாளையத்தில் டீக்கடைக்குப் பக்கத்து மெக்கானிக் கடையில் புதுச் செயின் கிடைத்தது. அரத்தால் வாங்கிய காயத்தோடு இருந்த நட்டை மெக்கானிக் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்து, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நம்மவரிடமே கொடுத்தார். புது நட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து பொறுக்கினார். மஞ்சள் முலாம், ஆறு பக்கம், ஆறு கூரான மூலை. அதை விரலால் மறையில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், பதினேழு எடுத்தாந்து டைட் வைடா."

பையன் வந்தான். பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும், பள்ளி லீவுக்கு மாமா கடைக்கு வந்தவன். ஸ்பேனர் குவியலில் கைவிட்டு மேலாக இருந்த ஒன்றை எடுத்தான். புது நட்டில் மாட்டினான். மாட்டிய வாய் லேசாக, மிக லேசாக ஆடியது. ஒரு ஆறரை டிகிரி இருக்கும்.

"ஏய்ய்ய்!" என்று நம்மவர் போட்ட சத்தத்தில் டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பையன் வெலவெலத்துப் போய் ஸ்பேனரை இழுத்துக்கொண்டு, வெளிச்சத்தில் காட்டி, தேய்ந்த எண்ணை எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தான்.

"பதினாறு மாதிரி இருந்திச்சிண்ணா" என்றான்.